பெயர் கெட்டுப்போன அரசு மறுபடி வெல்லுமா? ஆஸ்திரேலியத் தேர்தல் கேள்வி பதில்

ஆஸ்திரேலிய மத்திய அரசுத் தேர்தல்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். முக்கால்வாசிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தீர்கள்: மக்களுக்குப் பிடிக்காமல் போன ஒரு ஆட்சி எப்படித் திரும்ப வருகிறது? ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, கருத்துக்கணிப்புகளில் மாதக்கணக்காகப் பின்தங்கிய அரசு கடைசியில் ஜெயித்தது உண்மையிலேயே நடந்திருக்கிறதா?

பலமுறை நடந்திருக்கிறது. 1993இல் போல் கீட்டிங், 2001இல் ஜான் ஹாவர்ட், 2019இல் ஸ்காட் மோரிசன், 2025இல் ஆன்டனி அல்பனீசி. நால்வரும் ஏதோ ஒரு கட்டத்தில் "இவர் கதை முடிந்தது" என்று எழுதப்பட்டவர்கள்.

மக்கள் திடீரென்று மனம் மாறி அரசை விரும்பத் தொடங்கியதால் இவர்கள் வென்றார்கள் என்று நான் நினைக்கவில்லை. கருத்துக்கணிப்பில் ஒருவர் அரசின் மேல் உள்ள கோபத்தைச் சொல்கிறார். வாக்குச்சாவடியிலோ இரண்டு பேரில் யாரிடம் நாட்டைக் கொடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். தேர்தலை இந்த இரண்டாவது கேள்வியாக மாற்றிவிட முடிந்த அரசு தப்பிக்கிறது. மாற்ற முடியாத அரசு, பொருளாதாரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வீட்டுக்குப் போகிறது.

கேள்வி: 1993 தேர்தலை ஏன் எல்லோரும் உதாரணமாகச் சொல்கிறார்கள்?

அன்றைய நிலைமையில் லேபர் கட்சி ஜெயிக்க ஒரு காரணமும் இருக்கவில்லை என்பதால்தான். 1983 முதல் அவர்கள் ஆட்சி. பத்து வருட அலுப்பு. கடுமையான பொருளாதாரத் தேக்கம் வந்துபோய், வேலையின்மை 11 சதவீதத்தை ஒட்டி நின்றது. அந்தத் தேக்கத்தை "நமக்கு வந்தே ஆக வேண்டிய தேக்கம்" என்று 1990இல் நிதியமைச்சராகச் சொன்னவர் கீட்டிங். வேலை இழந்தவர்கள் அந்த வார்த்தையை மறப்பார்களா? அப்புறம் 1991 டிசம்பரில் மக்களுக்குப் பிடித்த பாப் ஹாக்கைக் கட்சிக்குள்ளேயே வீழ்த்திவிட்டுப் பிரதமரானார்.

எதிரே நின்றவர் லிபரல் கட்சித் தலைவர் ஜான் ஹியூசன், பொருளாதாரப் பேராசிரியர். 1991 நவம்பரில் 'ஃபைட்பேக்' என்ற பெயரில் 650 பக்கத்துக்குத் தன் திட்டத்தை வெளியிட்டார். அதன் நடுவில் 15 சதவீத ஜிஎஸ்டி. ஆட்சிக்கு வந்தால் என்ன செய்வேன் என்று இவ்வளவு நேர்மையாக, இவ்வளவு விவரமாகச் சொன்ன எதிர்க்கட்சித் தலைவர்கள் அபூர்வம். அந்த நேர்மையே அவருக்கு எதிராகத் திரும்பியது. கீட்டிங்குக்குத் தன் ஆட்சியைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. காலை முதல் இரவு வரை ஜிஎஸ்டியைப் பற்றியே பேசினார்.

எதிர்ப்பு வலுத்ததும், 1992 இறுதியில் ஹியூசன் அடிப்படை உணவுப் பொருள்களுக்கு விலக்கு அளித்தார். அங்கேதான் சிக்கல். வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்னால் தொலைக்காட்சியில் மைக் வில்லசி ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார்: கடையில் பிறந்தநாள் கேக் வாங்கினால் இப்போதையைவிட விலை கூடுமா, குறையுமா? ஹியூசன் அது எப்படிப்பட்ட கேக், மேலே ஐசிங் உண்டா, மெழுகுவத்தி உண்டா என்று விளக்கிக்கொண்டே போனார். சொன்னது சட்டப்படி சரியாகவே இருந்திருக்கலாம். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மனதில் நின்றது ஒன்றுதான்: கொண்டுவரப்போகும் வரியை அவராலேயே விளக்க முடியவில்லை.

இன்னொன்றும் சேர்ந்தது. விக்டோரியாவில் 1992 அக்டோபரில் ஆட்சிக்கு வந்த லிபரல் முதல்வர் ஜெஃப் கென்னட்டின் செலவு வெட்டுகளால் மெல்பேர்ன் தெருக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. லிபரல் ஆட்சி எப்படி இருக்கும் என்பதை அந்த மாநிலம் கண்ணெதிரே பார்த்தது. மார்ச் 13 அன்று அங்கே வாக்குகள் லேபர் பக்கம் சாய்ந்தன. 147 இடங்களில் 80 லேபருக்கு. "எல்லா வெற்றிகளிலும் இதுவே இனிமையானது" என்றார் கீட்டிங். மூன்றே வருடத்தில், 1996இல், அதே வாக்காளர்கள் அவரைப் பெரிய வித்தியாசத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கேள்வி: இங்கே வாக்களிப்பது கட்டாயம். அது ஆளும் கட்சிக்குச் சாதகமா, பாதகமா?

இதுதான் இந்த நாட்டுத் தேர்தலின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன். கட்டாய வாக்களிப்புச் சட்டம் 1924இல் வந்தது. அதற்கு முந்தைய 1922 தேர்தலில் வாக்களித்தவர்கள் அறுபது சதவீதம்கூட இல்லை. இப்போது வாக்களிக்காவிட்டால் 20 டாலர் அபராதம்.

கட்டாயம் இல்லாத நாடுகளில், அரசின் மேல் மனத்தாங்கல் கொண்ட அதன் சொந்த ஆதரவாளர் வீட்டில் இருந்துவிடுவார். ஆளும் கட்சி பெரும்பாலும் தோற்பது இப்படித்தான். இங்கே அவர் வந்தே ஆக வேண்டும். வந்தால், கீழவை வாக்குச்சீட்டில் எல்லா வேட்பாளர்களுக்கும் 1, 2, 3 என்று எண் போட்டே ஆக வேண்டும். கோபத்தில் '1' என்பதைப் பசுமைக் கட்சிக்கோ சுயேச்சைக்கோ போடுவார். அந்தக் கோபம் அதோடு தீர்ந்துவிடும். ஆனால் சீட்டின் கீழே எங்கேயோ லேபருக்கும் லிபரலுக்கும் எண் போட்டிருப்பார் அல்லவா? எண்ணும்போது குறைந்த வாக்கு பெற்றவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களின் வாக்குகளை அடுத்த எண்ணுக்கு மாற்றுவார்கள். யாருக்கு முன் எண் கொடுத்தாரோ, அநேகமாக அவருக்கே அந்த வாக்கு கடைசியில் போய்ச் சேரும்.

1990இல் பாப் ஹாக் அரசு இதைத் தெரிந்தே பயன்படுத்தியது. லேபருக்கு முதல் விருப்ப வாக்குகள் 39.4 சதவீதம்தான். சுற்றுச்சூழல் அமைச்சர் கிரஹாம் ரிச்சர்ட்சனின் யோசனை: "எங்கள் மேல் கோபமா? சரி, ஜனநாயகக் கட்சிக்கே முதல் வாக்கைப் போடுங்கள், இரண்டாவதை எங்களுக்குத் தாருங்கள்." அது பலித்தது. விருப்ப வாக்குகளைப் பங்கிட்ட பிறகும் நாடு முழுக்க லேபர் பெற்றது 49.9 சதவீதம்தான். இருந்தும் 148இல் 78 இடங்கள்.

கேள்வி: அப்படியானால் குறைந்த வாக்கு வாங்கியும் ஆட்சி அமைக்கலாமா?

அமைக்கலாம். 1954, 1961, 1969, 1990, 1998 எல்லாம் அப்படித்தான். 1998இல் ஜிஎஸ்டி கொண்டுவருவேன் என்று சொல்லித் தேர்தலுக்குப் போன லிபரல் பிரதமர் ஹாவர்டுக்கு, விருப்ப வாக்குகளைப் பங்கிட்ட பிறகு, கிடைத்தது 49 சதவீதம், லேபர் தலைவர் கிம் பீஸ்லிக்கு 51. ஆனால் 1996இல் அள்ளிய 94 இடங்கள் கையில் இருந்ததால் பதினான்கை இழந்தும் 80 மிஞ்சியது. லேபருக்குக் கூடுதலாக வந்த வாக்குகளில் நிறைய, வேண்டிய தொகுதிகளில் விழவில்லை.

கேள்வி: தலைவரை மாற்றினால் தப்பிக்கலாமா?

சிலசமயம். மோரிசனுக்கு 2019இல் கைகொடுத்தது. 2010இல் கெவின் ரட்டை நீக்கிவிட்டு லேபர் கொண்டுவந்த ஜூலியா கில்லார்டுக்கு 72–72 என்று இழுபறி. சுயேச்சைகளின் தயவில் ஆட்சி பிழைத்தது. 2013இல் கெவின் ரட்டைத் திரும்பக் கொண்டுவந்தும் லேபர் தோற்றது. என் கணிப்பில், புதியவரைப் பழைய சண்டையின் ஒரு பகுதியாக மக்கள் பார்த்தால் பயனில்லை.

கேள்வி: 2019இல் கருத்துக்கணிப்புகள் எல்லாமே தப்பியது எப்படி?

லிபரல்–நேஷனல் கூட்டணி ஐம்பதுக்கும் மேற்பட்ட நியூஸ்போல் கணிப்புகளில் தொடர்ந்து பின்தங்கியிருந்தது. ஒரு பந்தய நிறுவனம் லேபர் மேல் பணம் கட்டியவர்களுக்குத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பே பணத்தைக் கொடுத்துவிட்டது. முடிவு: கூட்டணிக்கு 77 இடங்கள், 51.5 சதவீதம். கணிப்புகள் இதே எண்ணை அப்படியே லேபருக்குக் கொடுத்திருந்தன. பின்னர் அந்தத் துறையினரே நடத்திய ஆய்வு, மாதிரியில் லேபர் பக்கம் சாய்ந்தவர்கள் அதிகமாக இருந்ததையும் அது சரியாகத் திருத்தப்படாததையும் ஒப்புக்கொண்டது.

ஆனால் கணிப்பின் பிழை இரண்டு மூன்று புள்ளிதான். போட்டி அவ்வளவு நெருக்கமாக வந்ததே லேபர் தலைவர் பில் ஷார்ட்டனின் திட்டங்களால். பங்கு ஈவுத்தொகையோடு வரும் வரிக்கழிவை ஓய்வூதியம் பெறாத முதியவர்களுக்குப் பணமாகத் திருப்பித் தருவதை நிறுத்துவேன், வீட்டு முதலீட்டு வரிச்சலுகையைக் குறைப்பேன் என்றார். கொள்கையாக அவற்றில் நியாயம் இருந்தது. ஆனால் மோரிசனுக்கு அது இன்னொரு ஃபைட்பேக். குவீன்ஸ்லாந்திலோ அதானி நிலக்கரிச் சுரங்க விவகாரத்தில் தெளிவாகப் பேசாமல் இரண்டு பக்கத்தாரின் நம்பிக்கையையும் லேபர் இழந்தது. அங்கே 30 இடங்களில் லேபருக்கு 6.

கேள்வி: 2001இல் ஹாவர்ட் ஜெயித்தது டாம்பா கப்பலால்தானே?

முழுக்க அப்படி இல்லை. அந்த வருட மார்ச்சில் பிரிஸ்பேனின் ரையன் தொகுதி இடைத்தேர்தலில் லிபரல் கோட்டையே சரிந்தது. அந்த மாதத் தொடக்கத்திலிருந்தே ஹாவர்ட் இறங்கி வரத் தொடங்கியிருந்தார். பெட்ரோல் வரியைக் குறைத்தார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது தானாக ஏறும் முறையையே ஒழித்தார், முதல்முறையாகப் புது வீடு வாங்குவோருக்கான மானியத்தை 14,000 டாலராக்கினார். ஜூலையில் மெல்பேர்னின் ஆஸ்டன் இடைத்தேர்தலில் தொகுதியைக் காப்பாற்றினார். கடலில் தத்தளித்த அகதிகளை மீட்ட நார்வே சரக்குக் கப்பலான டாம்பா வந்தது ஆகஸ்ட் கடைசியில்.

அதற்குப் பிறகு நடந்ததை வெறும் தேர்தல் உத்தியாக என்னால் பார்க்க முடியவில்லை. கடலில் மீட்கப்பட்ட 433 பேரைக் கரையிறங்க விடவில்லை. பிரசாரம் நடக்கும்போதே, இன்னொரு படகில் வந்த அகதிகள் தங்கள் பிள்ளைகளைக் கடலில் வீசினார்கள் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். அப்படி எந்தக் குழந்தையும் வீசப்படவில்லை என்பதை 2002இல் செனட் விசாரணை உறுதி செய்தது. தேர்தல் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. படகில் வந்தவர்களைக் குடும்பத்திலும் நட்பிலும் கொண்ட நமக்கு இது மறக்கக்கூடிய விஷயம் அல்ல. பயத்தை மூட்டி வெல்ல முடியும் என்று அன்று இரண்டு பெரிய கட்சிகளும் கற்றுக்கொண்டன. அதன் விலையை அகதிகள் இன்றும் கொடுக்கிறார்கள்.

கேள்வி: 2025இல் டிரம்ப் மட்டும் இல்லாவிட்டால் டட்டன் வந்திருப்பாரா?

எதிர்க்கட்சித் தலைவர் டட்டனை டிரம்ப்போடு ஒப்பிட்டுப் பார்த்தது ஒரு காரணம்தான். 2023 அக்டோபரில் நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் 'பழங்குடியினர் குரல்' அமைப்பு குறித்த பொதுவாக்கெடுப்பு 60 சதவீத எதிர்ப்பில் தோற்றதிலிருந்தே அல்பனீசி சரிந்துகொண்டிருந்தார். வாடகையும் மளிகைச் செலவும் வட்டியும் வீடுகளை நெரித்தன. 2025 தொடக்கத்தில் கூட்டணி முன்னணியில் இருந்தது. பிப்ரவரியில் வட்டி 4.35இலிருந்து 4.10 ஆனது. மார்ச்சில் ஆல்ஃபிரட் புயல் வந்ததால் தேர்தல் அறிவிப்புத் தள்ளிப்போய், இடையில் ஒரு வரிக்குறைப்பு பட்ஜெட் போட நேரம் கிடைத்தது. அந்த வரிக்குறைப்பை ரத்து செய்வேன் என்றார் டட்டன்! ஏழு இடங்களில் அணுமின் நிலையம் என்றார். அரசு ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்வதை நிறுத்துவேன் என்று சொல்லி, பிரசாரத்தின் நடுவில் பின்வாங்கினார். முடிவில் லேபருக்கு 150இல் 94. டட்டன் தன் டிக்சன் தொகுதியையே இழந்தார். ஆனாலும் லேபரின் முதல் விருப்ப வாக்கு 34.6 சதவீதம்தான் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: எப்போது எதுவுமே காப்பாற்றாது?

எதிராளி பயப்படும்படி எதுவும் சொல்லாதபோது. 2007இல் ஹாவர்ட் ஆட்சியில் வேலையின்மை மிகக் குறைவு, கஜானாவில் பணம். ஆனால் 'வொர்க்சாய்ஸஸ்' தொழிலாளர் சட்டம் வீடுவரை உறுத்தியது, பதினொரு வருடம் ஆகியிருந்தது. ரட் தன்னைப் பொருளாதாரத்தில் சிக்கனக்காரர் என்றே சொல்லிக்கொண்டார். ஹாவர்ட் எதைக் காட்டிப் பயமுறுத்துவது? தன் பென்னலாங் தொகுதியையும் சேர்த்துத் தோற்றார். 2022இல் அல்பனீசியும் அதே வழியில் அடக்கமான வாக்குறுதிகளோடு மோரிசனை வென்றார்.

கேள்வி: அண்ணா, சிட்னியில் புதிதாகக் குடியுரிமை பெற்றிருக்கிறேன். என் ஒரு வாக்கு எதை மாற்றும்?

1961இல் கடன் நெருக்கடியால் வெறுக்கப்பட்ட மென்சிஸ் அரசு ஒற்றை இடத்தில் தப்பியது. பிரிஸ்பேனின் மோர்டன் தொகுதியில் லிபரல் வேட்பாளர் ஜிம் கில்லன் 130 வாக்குகளில் வென்றிராவிட்டால் அந்த ஆட்சி அன்று நிலைத்திருக்குமா என்பதே சந்தேகம். அவருக்கு உதவியவற்றில், கம்யூனிஸ்ட் வேட்பாளரிடமிருந்து வந்த விருப்ப வாக்குகளும் உண்டு.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் '1' மட்டும் போட்டால் போதும். மத்திய அரசின் கீழவைக்கு அப்படிப் போட்டால் சீட்டு செல்லாது. மேற்குச் சிட்னியில், நம் மக்கள் நிறைய இருக்கும் பகுதிகளில், செல்லாத வாக்குகள் அதிகம். எல்லாக் கட்டத்திலும் எண் போடுங்கள். தப்பாக எழுதிவிட்டால் அங்கேயே வேறு சீட்டுக் கேட்டு வாங்கலாம், தருவார்கள்.