செத்தும் பியூகிளை விடாதவன்: ஜப்பானியப் போர்ப் படங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: போரில் உயிர்விட்ட சாதாரணச் சிப்பாயை, மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படங்கள் தேசிய வீரனாக்கியதற்கு ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.

பதில்: 1894 ஜூலை 29, கொரியாவின் சொங்வான். சீன-ஜப்பான் போரில் சீனப் படையோடு நடந்த சண்டையில் குண்டடிபட்ட ஜப்பானிய பியூகிள்காரன் (ராணுவ ஊதுகொம்பு ஊதுபவன்) ஒருவன், மூச்சு நிற்கும்வரை ஊதிக்கொண்டிருந்தான் என்று செய்தி பரவியது. ஷிராகாமி கென்ஜிரோ என்று பெயர் போட்டுப் பாட்டும் படமும் வந்தன. மறுவருஷம் ராணுவத் தரப்பு, அது அவரில்லை, கிகுச்சி கோஹெய் என்றது.

கேள்வி: அடடா! அச்சடித்த படங்கள் வீண்தானே?

பதில்: ஏன் வீண்? அவற்றில் முகத்துக்கு என்ன வேலை? சாய்கிற உடம்பு, உதட்டை விட்டு இறங்காத பியூகிள், சுற்றிலும் புகை. இந்தக் கோலத்தில் எந்தப் பெயரும் பொருந்தும். வீரனைக் கண்டுபிடிக்குமுன்பே வீரத்தை வரைந்துவிட்டார்கள் என்பேன்.

கேள்வி: தளபதிகளை விட்டுவிட்டு இவன் எதற்கு?

பதில்: தளபதிகளும் படங்களில் உண்டு. ஆனால் கட்டாய ராணுவச் சேவை 1873இல்தான் வந்தது. அதுவரை வீரம் பரம்பரைப் போர்வீரர்களான சாமுராய்களின் சொத்து. இவன் ஊர் இருந்த ஒகயாமா பக்கத்துக் கிராமத்தானும் நாட்டுக்காகச் சாகலாம் என்று காட்ட இவனைவிட யார் கிடைப்பார்?

கேள்வி: ஓவியர்கள் நேரில் பார்த்தார்களா?

பதில்: குபோத்தா பெய்சென் போலச் சிலர் போனார்கள். பெரும்பாலோர் டோக்கியோவில் உட்கார்ந்து, பத்திரிகைச் செய்தியை வைத்து வரைந்தவர்கள். மிசுனோ தோஷிகத்தா தன் சொங்வான் படத்தின் ஓரத்தில் நிருபர்களையும் ஓவியர்களையுமே நிறுத்திவிட்டார். சாட்சிக்கு ஆள் வேண்டுமல்லவா!

கேள்வி: சீனர்களை எப்படிக் காட்டினார்கள்?

பதில்: மோசமாக. ஜப்பானியர் கறுப்புச் சீருடையில் நெஞ்சு நிமிர்த்தி நிற்பார்கள். சீனர்கள் பளிச்சென்ற உடையில், சடை பறக்க ஓடுவார்கள், இல்லையென்றால் குவியலாகக் கிடப்பார்கள். இந்தப் பக்கத்துச் சாவு தியாகம், அந்தப் பக்கத்துச் சாவு வெறும் பிணம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் இது புரியும். பெரும்பாலும் மூன்று தாள்களைப் பக்கவாட்டில் சேர்த்த அகலப் படங்கள். ஒன்பது மாதம்கூட நீடிக்காத போருக்குச் சுமார் 3,000 படங்கள் என்பது ஆய்வாளர்கள் கணக்கு.

கேள்வி: அப்புறம் என்ன ஆயிற்று?

பதில்: 1904இல் ரஷ்யாவோடு போர் வந்தபோது புகைப்படம் முந்திக்கொண்டது, மர அச்சு படுத்துவிட்டது. கோஹெய் படுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளின் நன்னெறிப் பாடநூலுக்குள் போனான். எதிரியின் குண்டு பட்டும், செத்தும், வாயிலிருந்து பியூகிளை எடுக்கவில்லை என்று முதல் வகுப்புப் பிள்ளைகள் அவனைப் பற்றிப் படித்தார்கள். ஷிராகாமியின் பெயர் அதில் இல்லை.