37 வயதில் மருத்துவம் படிக்கலாமா? – ஒரு கடிதம்

அன்புள்ள டாக்டர்,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. எனக்கு 37 வயது. தமிழ்நாட்டில் பி.இ. முடித்து, கல்யாணமாகி அமெரிக்கா வந்தேன். வேலை செய்ய அனுமதி இல்லாமல் சில வருடம் வீட்டில் இருந்தேன், இப்போது சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். போன வருடம் கிரீன் கார்டு வந்தது. பையனுக்கு 9, பெண்ணுக்கு 6.

பிளஸ் டூ முடித்தபோது மெடிக்கல் சீட் கட்-ஆஃபில் கொஞ்சத்தில் போய்விட்டது. அது இன்றைக்கும் உறுத்துகிறது. போன வருடம் அப்பா எங்களைப் பார்க்க வந்திருந்தபோது பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. டாக்டர்கள் சொன்னதைத் தமிழிலும் அவர் சொன்னதை ஆங்கிலத்திலும் நான்தான் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதிலிருந்து இந்த எண்ணம் என்னை விடவில்லை.

இந்த வயதில் விண்ணப்பித்தால் எடுப்பார்களா? என் தோழி ஒருத்தி, கரீபியன் கல்லூரியில் உடனே சேர்ந்துவிடலாம், இருக்கிற வருடங்களையும் வீணாக்காதே என்கிறாள். அம்மா, பிள்ளைகளைப் படிக்க வைக்கிற வயதில் நீ படிக்கப் போகிறாயா என்கிறார். கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். பி.ஏ., அதாவது ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பைப் பற்றியும் ஒரு வரி சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எடுப்பார்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் வயது உச்சவரம்பு கிடையாது. அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்கள் வயதைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று 1975-லேயே சட்டம் வந்துவிட்டது. சேர்பவர்களின் சராசரி வயது 24-ஐ ஒட்டி இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் சேர்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. என்னோடு வேலை செய்த ரெசிடென்ட்களில் (பட்டம் வாங்கிப் பயிற்சியில் இருக்கும் டாக்டர்களில்) அப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், நோயாளியின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவதில் பலர் இளையவர்களைவிடத் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். ஆகவே வயதை விடுங்கள். எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தில் இருக்கிற அவசரம். பிந்தி வருகிறவர்களைத் தோற்கடிப்பது பெரும்பாலும் அதுதான்: ஏற்கெனவே வருடங்கள் போய்விட்டன, இனி ஒரு மாதம்கூட வீணாகக்கூடாது என்று நினைத்து, பாடங்களை முடிக்காமல், பரீட்சைக்குத் தயாராகாமல், நோயாளிகளோடு பழகாமல் விண்ணப்பித்துவிடுகிறார்கள். பிறகு இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று மிச்சம்பிடிக்க நினைத்ததைவிட அதிக வருடம் போய்விடுகிறது.

உங்கள் கடிதத்தில் இரண்டு காரணங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, பதினேழு வயதில் கைவிட்டுப் போன சீட். இன்னொன்று, அப்பாவின் கட்டிலருகே இருந்த நாட்கள். இவற்றைப் பிரித்துப் பாருங்கள். முதலாவது ஒரு காயம். அதை நான் சிறிதாக நினைக்கவில்லை, நம் ஊரில் அந்த வயதில் ஒரு கட்-ஆஃப் எண் ஒருவரின் மனதில் எவ்வளவு காலம் தங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வெள்ளைக் கோட்டு போட்டால் அது ஆறிவிடும் என்று நம்பி பத்து வருடத்தையும் சேமிப்பையும் கொடுக்கக்கூடாது. இரண்டாவது நல்ல காரணம், ஆனால் இன்னும் சோதிக்கப்படாத காரணம். அவர் உங்கள் அப்பா. அவருக்காக நீங்கள் தூங்காமல் இருந்தீர்கள். முன்பின் தெரியாத ஒருவர், உங்களைத் திட்டுகிற ஒருவர், சொன்ன மருந்தைச் சாப்பிடாமல் மூன்றாம் முறையாக அட்மிட் ஆகிற ஒருவர், அவருக்காகவும் விடிய விடிய நிற்க மனம் வருமா? இதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, போய் நின்று பார்த்தால்தான் தெரியும்.

சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். நர்ஸாக இருந்தார், முதுகுவலியால் அந்த வேலையை விட வேண்டியதாயிற்று, பிறகு ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் ஆனார். சாகக் கிடக்கும் நோயாளிகளின் வலியை யாரும் சரியாகக் கவனிப்பதில்லை என்பதைப் பல வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தார். அவரோடு பணியாற்றிய ஒரு சர்ஜன், நீ டாக்டர் ஆகாவிட்டால் நீ சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள், போய் மருத்துவம் படி என்றார். 33 வயதில் சேர்ந்து, 1957-ல் டாக்டர் ஆகி, 1967-ல் லண்டனில், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். இன்றைய ஹாஸ்பிஸ் மருத்துவம் அங்கிருந்து வளர்ந்தது. வயதான பிறகும் சாதித்தார் பாருங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மருத்துவம் படிக்கப் போகும் முன்பே அவருக்கு அந்த வேலை தெரியும், எதற்காகப் படிக்கப் போகிறோம் என்பதும் தெரியும். நீங்களும் அந்த இடத்துக்கு வந்த பிறகு விண்ணப்பியுங்கள்.

வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. அப்பாவுக்காக நீங்கள் செய்ததை இங்கே ஒரு தொழிலாகவே செய்கிறார்கள். நோயாளிக்கு மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது ஆஸ்பத்திரியின் கடமை, குடும்பத்தார் தலையில் அதைப் போடக்கூடாது. 40 மணி நேரப் பயிற்சி எடுத்தால் மருத்துவ மொழிபெயர்ப்பாளருக்கான சான்றிதழ்த் தேர்வு எழுதும் தகுதிக்கு வழி கிடைக்கும். தமிழுக்கு ஆள் குறைவு. அதோடு ஒரு ஹாஸ்பிஸில் வாரம் ஒரு நாள் தொண்டு செய்யுங்கள். டாக்டர்களின் பின்னால் நடந்து பார்க்கும் ஷேடோயிங்கும் வேண்டும், ஆனால் அதில் நீங்கள் பார்வையாளர்தான். நோயாளியோடு நீங்களே பேசுகிற வேலைதான் உங்களுக்கும் பதில் சொல்லும், பின்னால் தேர்வுக் குழுவுக்கும் பதில் சொல்லும். ஒரு வருடம் இதைச் செய்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

இனி படிப்பு. நீங்கள் இந்தியாவில் பட்டம் வாங்கியவர் என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். நம் ஊர் எம்.பி.பி.எஸ். போல இங்கே டாக்டர் பட்டமான எம்.டி.யைத் தரும் கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்ப அமைப்பான ஆம்காஸ், வெளிநாட்டில் வாங்கிய மதிப்பெண்களை ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண் கணக்கில் சேர்ப்பதில்லை. பி.இ.யில் அரியர் வைத்திருந்தாலும் தங்க மெடல் வாங்கியிருந்தாலும் அந்தக் கணக்குக்கு ஒன்றுதான். இங்கே எடுக்கும் பாடங்கள்தான் உங்கள் ஜிபிஏ. இது ஒரு புதுத் தொடக்கம், ஆனால் ஒரு சி கிரேடு வாங்கினாலும் அதை மறைக்க வேறு பாடங்கள் இல்லை. எத்தனை கிரெடிட் இங்கே எடுத்திருக்க வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில ஒரு வருடப் படிப்பு போதும் என்கின்றன, சில அதற்கு மேல் கேட்கின்றன, சில பட்டமே அமெரிக்காவிலோ கனடாவிலோ வாங்கியிருக்க வேண்டும் என்கின்றன. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் எம்எஸ்ஏஆர் தகவல் தளத்தில் ஒவ்வொரு கல்லூரியும் கேட்பது இருக்கிறது. முதல் பாடத்துக்குப் பணம் கட்டும் முன் அதைப் பார்த்து, உங்களுக்குக் கதவு திறக்கும் கல்லூரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டு வருடக் கல்லூரிகளின் பாடங்களை எல்லாரும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை, அதையும் கேட்டுவிடுங்கள்.

பாடங்களை அவசரமாக முடிக்கவும் முடியாது. பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், அதை முடித்தால்தான் ஆர்கானிக், அதற்குப் பிறகு பயோகெமிஸ்ட்ரி. ஒன்றின் மேல் ஒன்றாக வருவதால், வேலையும் பார்த்துக்கொண்டு படித்தால் இரண்டரை மூன்று வருடம் ஆகும். உயிரியலும் இயற்பியலும் லேபோடு அந்த வருடங்களுக்குள் அடங்கிவிடும். இந்த மூன்று வருடத்தைத்தான் உங்கள் தோழி வீண் என்கிறார். பரிந்துரைக் கடிதம் எழுதப்போகும் அறிவியல் பேராசிரியர்கள் உங்களுக்குக் கிடைப்பதும் இந்த வகுப்புகளில்தான், அதனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் காருக்கு ஓடாதீர்கள்.

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் பரீட்சையைத் தயாராகாமல் எழுதிப் பார்க்கவே கூடாது. மொத்தம் 528, சேர்கிறவர்களின் சராசரி 511, 512-ஐ ஒட்டி. வாழ்நாளில் ஏழு முறைதான் எழுதலாம், எழுதிய மதிப்பெண்கள் எல்லாம் கல்லூரிகளுக்குத் தெரியும், இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் பழையதைப் பெரும்பாலான கல்லூரிகள் ஏற்பதும் இல்லை. அறிவியல் பகுதிகளை உழைத்துப் பிடித்துவிடுவீர்கள். நம்மவர்களுக்குச் சறுக்குவது கார்ஸ் எனப்படும் வாசிப்புப் பகுதி. தத்துவம், கலை, சமூகம் என்று ஏதோ ஒரு கட்டுரையைக் கொடுத்து ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்று கேட்பார்கள், மனப்பாடம் எதுவும் உதவாது. அதற்கு இன்றைக்கே நீளமான ஆங்கிலக் கட்டுரைகளைத் தினமும் வாசிக்கத் தொடங்குங்கள்.

விண்ணப்பம் மே மாதம் திறக்கும், ஜூன் தொடக்கத்தில் அனுப்பிவிட வேண்டும். இடங்கள் வர வர நிரம்புவதால் அக்டோபரில் அனுப்புகிறவர் அடுத்த வருடத்துக்குக் காத்திருப்பதே மேல். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்துச் சுமார் 23,000 பேர்தான் எம்.டி.யில் சேர்கிறார்கள். டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவம்) கல்லூரிகளுக்கும் சேர்த்தே போடுங்கள், அங்கே படித்தவர்களும் முழு டாக்டர்கள்தான். 2020-லிருந்து, பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சியான ரெசிடென்சி இரண்டு பேருக்கும் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டது.

கரீபியன் விஷயத்தில் என் கருத்து கறாரானது: வேண்டாம். அங்கே சீட் கிடைப்பது எளிது, ரெசிடென்சி கிடைப்பது எளிதல்ல. ரெசிடென்சி இடங்களைப் பங்கிடும் மேட்ச் என்ற ஏற்பாட்டின் அண்மை ஆண்டு முடிவுகளில் இங்குள்ள எம்.டி. மாணவர்களில் சுமார் 93 சதவீதம் பேருக்கு முதல் வருட இடம் கிடைத்தால், வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் சுமார் 67 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்கிறது. நடுவில் படிப்பை விட்டவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். 45 வயதில் இரண்டு லட்சம் டாலர் கடனும் ரெசிடென்சி இல்லாத ஒரு பட்டமும் கையில் இருந்தால் என்ன செய்வீர்கள்? இருபத்தைந்து வயதுக்காரருக்கு அதிலிருந்து எழுந்து வர நாள் இருக்கிறது.

"எப்படியும் 48 வயது வரத்தான் போகிறது, டாக்டராக வரட்டுமே" என்று பலர் உங்களிடம் சொல்வார்கள். எனக்கு இந்த வாதம் பிடிப்பதில்லை. சம்பளமும் ஓய்வூதியச் சேமிப்புமாக வருகிற 48-ம், கடனோடு வருகிற 48-ம் ஒன்றல்ல. கணக்கைப் போடுங்கள். மூன்று வருடம் பாடம், ஒரு வருடம் விண்ணப்பக் காத்திருப்பு, 41-ல் சேர்க்கை, 45-ல் பட்டம், பொது மருத்துவம் என்றால் மூன்று வருட ரெசிடென்சி, 48-ல் முழு டாக்டர். அதற்குப் பிறகு இருபது வருடம் வேலை செய்யலாம், அது சின்னக் காலம் இல்லை. ஆனால் மருத்துவக் கல்லூரியின் நான்கு வருடம் உங்கள் சம்பளம் இருக்காது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் கிடையாது. மருத்துவ மாணவருக்கு அரசுக் கடன் வருடம் 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று நிறுத்திவிட்டார்கள். பல தனியார் கல்லூரிகளின் மொத்தச் செலவு இதைத் தாண்டும். மீதிக்குத் தனியார் வங்கி, இல்லையென்றால் வீட்டுச் சேமிப்பு. நியூயார்க் பல்கலைக்கழகம் 2018-லிருந்தும் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரி 2024-லிருந்தும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் அவற்றை நம்பித் திட்டம் போட முடியாது. உங்கள் மாநில அரசுக் கல்லூரிதான் முதல் குறியாக இருக்க வேண்டும்.

இதனால்தான் கணவரின் "உன் இஷ்டம்" எனக்குப் போதவில்லை. இது உங்கள் இஷ்டத்தோடு முடிகிற விஷயம் இல்லை. எந்த ஊரில் சீட் கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. நான்கு வருடம் கழித்து ரெசிடென்சி எந்த ஊரில் என்பதை மேட்ச் சொல்லும், அதை ஏற்றுக்கொண்டாக வேண்டும். அவர் வேலையை விட்டு வருவாரா, இல்லை நீங்கள் தனியாகப் போவீர்களா? நீங்கள் ரெசிடென்சி தொடங்கும்போது பையனுக்கு 17, பெண்ணுக்கு 14. வாரம் 80 மணி நேரம் வரை வேலை இருக்கும் அந்த மூன்று வருடத்தில்தான் பையன் கல்லூரிக்கு விண்ணப்பிப்பான், அவன் கட்டணமும் அப்போதுதான் வரும். இதையெல்லாம் அவர் முன்னால் எண்களோடு வைத்து ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். அவர் பயந்தால் நல்லது, பயத்தை வெளியே சொல்லட்டும். அம்மாவுக்கு இப்போது பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான், பிள்ளைகளோடு சேர்ந்து ஒரே மேஜையில் நீங்களும் படிப்பதைப் பார்த்தால் அவரே மனம் மாறக்கூடும்.

அப்புறம், பி.ஏ. படிப்பு. பெரும்பாலும் 27 மாதம், ரெசிடென்சி கட்டாயம் இல்லை, நோயாளியைப் பரிசோதிக்கலாம், மருந்து எழுதலாம், பெரும்பாலான மாநிலங்களில் டாக்டரோடு இணைந்து வேலை செய்ய வேண்டியிருக்கும். 43, 44 வயதுக்குள் வேலையில் இருப்பீர்கள். இதை இரண்டாம் தரம் என்று நினைக்கிறவர்கள் நம்மிடையே நிறைய, நான் அப்படி நினைக்கவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பி.ஏ. என்றதும் உங்களுக்கு ஏமாற்றமாக இருந்தால், அந்த ஏமாற்றம் வேலையைப் பற்றியதா, இல்லை அந்தப் பழைய சீட்டைப் பற்றியதா? முதல் இரண்டு வருடப் பாடங்கள் இரண்டு வழிக்கும் பெரும்பாலும் பொதுதான், ஆகவே இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. வேலையை விடாமல், அடுத்த செமஸ்டரில் பொது வேதியியல் ஒன்றை மட்டும் லேபோடு எடுங்கள், மொழிபெயர்ப்புப் பயிற்சிக்குப் பதிவு செய்யுங்கள். அந்த செமஸ்டர் முடிந்ததும் மதிப்பெண்ணையும், ஆஸ்பத்திரியில் என்ன பார்த்தீர்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள், கல்லூரிப் பட்டியலைச் சேர்ந்து பார்ப்போம்.