வராத அரசரும் காத்திருந்த படைகளும்

கேள்வி: மதமும் போரும் சேர்ந்து உருவாக்கிய ஒரு கற்பனை ராஜ்ஜியத்தை வைத்துத் தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இல்லாத நாட்டுக்கு எதற்கு இத்தனை வரலாறு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நிஜ உலகத்தில் எந்தக் கற்பனை நாட்டுக்காவது வரலாறு உண்டா?

பதில்: உண்டு. பிரெஸ்டர் ஜான் என்ற பாதிரியார் ஒருவர் அரசராகவும் இருந்து ஆண்டதாகச் சொல்லப்பட்ட நாடு. ஐந்நூறு வருஷத்துக்கும் மேல் ஐரோப்பா அதை நம்பியது, கடிதம் எழுதியது, கப்பல் அனுப்பியது, படை நடத்தியது.

1144இல் எடெஸ்ஸா நகரம், எருசலேமுக்காக இஸ்லாமிய அரசுகளோடு போரிட்ட ஐரோப்பியச் சிலுவைப் போராளிகளின் கையை விட்டுப் போனது. அடுத்த வருஷம் சிரியாவின் ஜபலா நகரத்து ஆயர் ஹியூ உதவி கேட்டு இத்தாலிக்கு வந்து போப் மூன்றாம் யூஜினைச் சந்தித்தார். அப்போது அவர் சொன்ன ஒரு செய்தியை ஃப்ரைசிங் ஆயர் ஆட்டோ தன் வரலாற்றில் எழுதி வைத்தார். பாரசீகத்துக்கும் அர்மீனியாவுக்கும் அப்பால், கிழக்குக் கோடியில் ஜான் என்று ஒரு கிறிஸ்தவ அரசர் இருக்கிறார், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகளின் வம்சம், பாரசீகர்களைத் தோற்கடித்துவிட்டு எருசலேமுக்கு உதவ வந்தார், ஆனால் டைக்ரிஸ் நதியைக் கடக்கப் படகு கிடைக்கவில்லை, வடக்கே போனால் குளிர்காலத்தில் நதி உறையும் என்று யாரோ சொல்ல அங்கே போய்ச் சில வருஷங்கள் காத்திருந்தார், நதி உறையவே இல்லை, திரும்பிப் போய்விட்டார்.

அந்த உறையாத நதிக்காகவே எனக்கு இந்தக் கதை பிடிக்கும். மாபெரும் படையுள்ள நண்பன் இருக்கிறான் என்றால் ஏன் இன்னும் வரவில்லை என்ற கேள்வி கூடவே வருமே, அதற்கும் பதிலை உள்ளேயே வைத்துக்கொண்டுதான் கதை பிறந்திருக்கிறது. அவரை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், நீங்களே கிளம்பி வாருங்கள் என்று போப்பிடம் சொல்லத்தான் ஹியூ இதைச் சொன்னார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐரோப்பா அந்தப் பாதியை விட்டுவிட்டு, உதவி உண்டு என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது.

கேள்வி: அப்படியானால் முழுக்கப் பொய்யா? நெருப்பில்லாமல் புகையுமா?

பதில்: நெருப்பு இருந்தது, ஆனால் வேறு இடத்தில். 1141இல் சமர்கண்டுக்குப் பக்கத்தில் கத்வான் என்ற இடத்தில் செல்ஜுக் சுல்தான் சஞ்சாரை ஒரு கிழக்கத்திய படை படுதோல்வி அடையச் செய்தது. படையை நடத்தியவர் யேலு தாஷி, சீனத்தின் வடக்கிலிருந்து ஆட்சி இழந்து மேற்கே வந்து காரா கித்தாய் அரசை நிறுவியவர். அவர் கிறிஸ்தவர் இல்லை, அவருடைய குடிமக்களில் நெஸ்டோரியர்கள் என்ற கிழக்கத்திய கிறிஸ்தவப் பிரிவினர் சிலர் இருந்தார்கள், அவ்வளவுதான். இஸ்லாமியச் சுல்தான் ஒருவரைக் கிழக்கே யாரோ முறியடித்தார்கள் என்ற சேதி கைமாறிக் கைமாறி மத்தியதரைக் கடல் வரை வந்தபோது, நம் எதிரியை அடித்தவன் நம் மதத்தைச் சேர்ந்தவனாகத்தான் இருப்பான் என்று ஆகிவிட்டது. நடுவில் எத்தனை பாலைவனம், எத்தனை மொழி! வழியில் யாரும் வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

கேள்வி: அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறதாமே, அதில் என்னதான் இருக்கிறது?

பதில்: சுமார் 1165இலிருந்து அது ஐரோப்பாவில் சுற்ற ஆரம்பித்தது. பைசாந்தியப் பேரரசர் மானுவேலுக்கு பிரெஸ்டர் ஜான் எழுதியதாம். எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது, லத்தீன் படித்த ஒரு மேற்கு ஐரோப்பியர் என்றுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன, பல மொழிகளுக்கும் போனது.

72 அரசர்கள் அவருக்குக் கப்பம் கட்டுகிறார்கள். தண்ணீரே இல்லாமல் மணலே அலையடிக்கும் கடல், கற்கள் உருண்டோடும் ஆறு, குடித்தால் 32 வயதிலேயே நிறுத்தி வைக்கும் ஊற்று, நாட்டில் எங்கே என்ன சதி நடந்தாலும் காட்டிக்கொடுக்கும் கண்ணாடி. திருடன் இல்லை, பொய் சொல்பவன் இல்லை, ஏழையும் இல்லை. அன்றைய ஐரோப்பியர் பிரித்துச் சொன்ன மூன்று இந்தியாக்களும் தன்னுடையவை, புனித தோமாவின் உடல் இருக்கும் கடைக்கோடி இந்தியா வரை தன் ஆட்சி என்கிறார். தோமாவின் கல்லறை மயிலாப்பூரில் என்பது மரபு, ஆக அந்தக் கணக்குப்படி சோழர் ஆண்டுகொண்டிருந்த ஒரு கடற்கரையும் அவர் பையில்!

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது போருக்குக் கிளம்பும் வர்ணனை. கொடிகளுக்குப் பதில் பொன்னும் மணியும் இழைத்த 13 பெரிய சிலுவைகள் முன்னால் போகின்றன, ஒவ்வொரு சிலுவைக்குப் பின்னாலும் 10,000 குதிரைவீரர்கள், 1,00,000 காலாட்கள். கூட்டிப் பார்த்தால் 14,30,000 பேர். அன்றைய எந்தச் சிலுவைப் போர்ப் படையும் இதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. சாதாரண நாட்களிலோ அவருக்கு முன்னால் அலங்காரமே இல்லாத ஒரு மரச் சிலுவையும், உடம்பு மண்ணுக்குத்தான் போகும் என்று நினைவூட்ட ஒரு பாத்திரம் நிறைய மண்ணும். அந்த வருஷங்களில் போப்பும் ஜெர்மானியப் பேரரசர் பார்பரோசாவும் யார் பெரியவர் என்று மோதிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். பாதிரியாரும் அரசரும் ஒரே ஆளாக இருந்தால் அந்தச் சண்டைக்கே இடமில்லை. கடிதத்தை எழுதியவர் கிழக்கைப் பற்றி எழுதவில்லை, தன் ஊரில் எது இல்லையோ அதை எல்லாம் அங்கே கொண்டுபோய் வைத்தார்.

கேள்வி: சுவாரஸ்யமான கட்டுக்கதை, சரி. இதனால் யாருக்காவது நிஜமாக நஷ்டம் வந்ததா?

பதில்: வந்தது. ஐந்தாம் சிலுவைப் போரைப் பாருங்கள். 1219 நவம்பரில் எகிப்தின் டாமியெட்டா துறைமுகத்தைச் சிலுவைப் படை பிடித்தது. எகிப்தை விட்டுப் போய்விடுங்கள், எருசலேமைத் தருகிறேன் என்று சுல்தான் அல்-காமில் பேரம் பேசினார், ஒரு தடவை அல்ல. போப்பின் பிரதிநிதி பெலாஜியஸ் மறுத்தார். மறுக்க அவருக்கு ராணுவக் காரணங்களும் இருந்தன, எருசலேமின் மதில்கள் இடிக்கப்பட்டிருந்தன, சில முக்கியமான கோட்டைகளைத் தர சுல்தான் சம்மதிக்கவில்லை. ஆனால் 1221இல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கிழக்கிலிருந்து தாவீது ராஜா என்று ஒரு கிறிஸ்தவ அரசர் பெரும்படையோடு வருகிறார், பாரசீகம் அவர் காலடியில் விழுந்துவிட்டது என்ற செய்தி. அவர் பிரெஸ்டர் ஜானின் வாரிசு என்றார்கள், பாலஸ்தீனக் கடற்கரையில் இருந்த ஏக்கர் (Acre) நகரத்து ஆயர் ஜாக் டி விட்ரி அதை ஐரோப்பாவுக்கே கடிதமாக எழுதினார். முகாமில் தீர்க்கதரிசனங்களும் வாசிக்கப்பட்டன. ஜூலையில் படை கெய்ரோவை நோக்கி நகர்ந்தது. நைல் பெருக்கெடுக்கும் பருவம் அது. எகிப்தியர்கள் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் சேற்றில் சிக்கிய படை சரணடைந்து, உயிரோடு போக டாமியெட்டாவைத் திருப்பிக் கொடுத்தது. எருசலேமைப் பெறும் வாய்ப்பும் போயிற்று.

அந்தத் தாவீது ராஜா யார் தெரியுமா? புகாராவையும் சமர்கண்டையும் 1220இல் அழித்துவிட்டு வந்துகொண்டிருந்த செங்கிஸ் கான்தான். கிழக்கே ஒரு படை வருவது உண்மை, பாரசீகம் எரிவது உண்மை, மீதியை ஆசை எழுதிக்கொண்டது.

கேள்வி: நானும் ஒரு கற்பனை நாட்டை எழுதுகிறேன். மதம் என்று வந்தாலே கெட்ட பூசாரி, ஏமாறும் மக்கள் என்று தட்டையாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பூசாரியே நம்பட்டும். ஜாக் டி விட்ரி யாரையும் ஏமாற்றவில்லை, அவர் எழுதியதை அவரே நம்பினார், அதனால்தான் அந்தக் கடிதம் படிக்கக் கனமாக இருக்கிறது. நம்பிக்கையை நாட்டின் மேல் பூசிய வண்ணமாக வைக்காதீர்கள், எந்தப் போரில் தோற்றபோது யாருக்கு அது தேவைப்பட்டது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம் செய்தி எத்தனை மாதம் நடந்து வருகிறது, வழியில் யார் வாயில் எப்படி மாறுகிறது என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கணக்கிலிருந்தே பத்து அத்தியாயம் கிடைக்கும்.

கேள்வி: ஆசியாவில் இருந்த பிரெஸ்டர் ஜான் எத்தியோப்பியாவுக்கு எப்படிக் குடிபோனார்?

பதில்: ஆசியாவைப் பயணிகள் நேரிலேயே பார்த்துவிட்டார்கள், அதுதான் காரணம். 1250களில் மங்கோலியா வரை போய்வந்த வில்லியம் ரூப்ரக் என்ற பாதிரியார், நெஸ்டோரியர்கள் இந்த அரசரைப் பற்றி உண்மையைப் போலப் பத்து மடங்கு சொல்கிறார்கள் என்று எழுதிவிட்டார். மார்க்கோ போலோவோ அவரைச் செங்கிஸ் கான் கையால் சாகடித்தே விட்டார். அவர் சொன்னது கெரெயித் இனத் தலைவர் தொக்ருலைத்தான்.

ஆனால் தேவை சாகவில்லையே. எத்தியோப்பியா நான்காம் நூற்றாண்டில் அரசர் எசானா காலத்திலேயே கிறிஸ்தவ நாடு ஆனது, சுற்றிலும் இஸ்லாமிய அரசுகள். பழைய கதைக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி கிடைக்காது. எங்கள் அரசருக்கு அப்படி ஒரு பெயரே கிடையாது என்று எத்தியோப்பியத் துறவிகள் 1441இல் ஃபிளாரன்ஸில் கூடிய திருச்சபை மாநாட்டிலேயே சொல்லிப் பார்த்தார்கள். யார் கேட்டார்கள்? 1487இல் போர்ச்சுகல் அரசர் பேரோ டா கோவில்யா என்ற ஒற்றரை அனுப்பினார். அவர் அரபு வேஷத்தில் கள்ளிக்கோட்டை வரை சுற்றிவிட்டு எத்தியோப்பியா சேர்ந்தார், திரும்பிப் போக அனுமதி இல்லை. 1520இல் போர்ச்சுகீசியத் தூதுக்குழு போனபோது நிலமும் மனைவி மக்களுமாக அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார். தூதுக்குழு பார்த்த பேரரசர் லெப்னா டெங்கல் 20களில் இருந்த ஓர் இளைஞர். மாயக் கண்ணாடி, ரத்தின மாளிகை எதுவும் இல்லை, இடம் மாறிக்கொண்டே இருக்கும் பெரிய கூடார நகரம்தான் அவருடைய தலைநகரம்.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. 1529 முதல் பக்கத்து இஸ்லாமிய அரசான அதல் சுல்தானகத்தின் இமாம் அஹ்மத் நாட்டைப் புரட்டிப் போட்டார், எத்தனையோ தேவாலயங்கள் எரிந்தன, லெப்னா டெங்கல் 1540இல் மலைமேல் ஒரு மடத்தில் இறந்தார். யாரைத் தங்களைக் காப்பாற்ற வருவார் என்று ஐரோப்பா 400 வருஷம் எதிர்பார்த்ததோ, அவரைக் காப்பாற்ற 1541இல் ஐரோப்பா படகு ஏறியது. வாஸ்கோ ட காமாவின் மகன் கிறிஸ்டோவா தலைமையில் 400 துப்பாக்கி வீரர்கள். அவர் மறு வருஷமே பிடிபட்டுக் கொல்லப்பட்டார். மிஞ்சியவர்கள் புதிய பேரரசர் கலாவ்தேவோஸுடன் சேர்ந்து 1543இல் அஹ்மதை வீழ்த்தினார்கள். அப்புறம் யேசு சபையினர் என்ற கத்தோலிக்கத் துறவிகள் வந்து, உங்கள் கிறிஸ்தவம் தவறானது என்று திருத்தத் தொடங்கினார்கள். பேரரசர் சுசென்யோஸ் கத்தோலிக்கராக மாறியதில் உள்நாட்டுப் போரே மூண்டு, 1632இல் அவர் பழைய மதத்தையே திருப்பிக் கொடுத்து அரியணையை மகன் ஃபாசிலிடஸிடம் விட்டார். சில வருஷங்களில் யேசு சபையினர் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டார்கள்.

கேள்வி: கடைசியில் எப்போதுதான் நம்புவதை நிறுத்தினார்கள்?

பதில்: 1573இல் வரைபடக் கலைஞர் ஆர்ட்டீலியஸ் அச்சிட்ட ஆப்பிரிக்க வரைபடத்துக்குத் தலைப்பே பிரெஸ்டர் ஜானின் நாடு என்பதுதான். 1681இல் ஜெர்மன் அறிஞர் ஹையோப் லூடால்ஃப் எத்தியோப்பிய வரலாற்றை வெளியிட்டார். எத்தியோப்பியத் துறவி ஒருவருடன் உட்கார்ந்து அந்நாட்டு மொழிகளைக் கற்று எழுதிய புத்தகம் அது. எத்தியோப்பிய அரசர்களுக்கும் இந்தப் பெயருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அதில் காட்டினார்.