திராட்சை ரஸ்க் உள்ளே ஏன் நமுத்துப்போகிறது?

கேள்வி: மருத்துவப் படிப்புக்காக ரஷ்யாவில் இருந்தபோது, விடுதியில் தேநீருடன் தினமும் சாப்பிட்ட திராட்சை பிஸ்கட்டை வீட்டில் செய்து பார்த்தேன். ஈஸ்ட் ரொட்டி சுட்டு, சூடாக இருக்கும்போதே துண்டு போட்டு, மறுபடியும் 200 டிகிரியில் 15 நிமிடம் வைத்தேன். ஓரங்கள் கருகின, திராட்சை கசந்தது, நடுப்பகுதி மட்டும் மெத்தென்று இருந்தது. மறுநாள் எல்லாமே நமுத்துவிட்டன. எங்கே தவறு?

பதில்: நீங்கள் சொல்வதை ரஷ்யர்கள் 'சுஹாரி' என்பார்கள். காய்ந்தது என்று பொருள்படும் 'சுஹோய்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் கணக்கில் அது பிஸ்கட் அல்ல, ரஸ்க். உங்கள் தவறும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது: இரண்டாம் முறை ஓவனில் வைப்பது சுடுவதற்காக அல்ல, காயவைப்பதற்காக. 200 டிகிரியில் துண்டின் மேற்பரப்பு சில நிமிடங்களிலேயே சிவந்துவிடும், நடுவில் உள்ள ஈரம் வெளியேறுவதற்கோ அந்த நேரம் போதாது. உள்ளே தங்கிய ஈரம் இரவோடு இரவாக வெளிப்பக்கம் பரவும்போது துண்டு முழுவதும் நமுத்துப்போகிறது. திராட்சையில் பெரும்பகுதி சர்க்கரை என்பதால், அது ரொட்டியை முந்திக்கொண்டு கருகிக் கசக்கிறது.

இனி மாவுக்கு வருவோம். மைதா 500 கிராம், வெதுவெதுப்பான பால் 220 மில்லி, சர்க்கரை 100 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 80 கிராம், முட்டை 1, உடனடி ஈஸ்ட் 7 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, சிறிது வெனிலா, உலர் திராட்சை 100 கிராம். முட்டை வேண்டாதவர்கள் பாலை இன்னும் 50 மில்லி கூட்டிக்கொள்ளலாம், நிறம் மட்டும் சற்று வெளிறும். மாவு சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாகவும், கையில் ஒட்டாமலும் இருக்க வேண்டும்.

திராட்சையில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். விதையில்லாத சிறிய திராட்சையை வாங்குங்கள். நாம் கிஸ்மிஸ் என்று சொல்வதை ரஷ்யர்களும் 'கிஷ்மிஷ்' என்றே சொல்கிறார்கள். திராட்சையை வெந்நீரில் பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவிடக் கூடாது, ஏனெனில் அது குடித்த நீர் முழுவதும் பின்னால் ரஸ்கினுள் கசியும். வடித்து, துணியில் பரப்பி, விரலில் ஈரம் ஒட்டாத அளவுக்குத் துடைத்து, ஒரு தேக்கரண்டி மைதாவில் புரட்டி, மாவைப் பிசைந்து முடித்த பிறகே சேருங்கள். முன்கூட்டியே சேர்த்தால் பழங்கள் நசுங்கி மாவு முழுவதும் பழுப்பேறும்.

மாவு இருமடங்காக உப்பியதும் (நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரமே போதும்) காற்றை அமுக்கி வெளியேற்றி, சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு ஒல்லியான உருளைகளாகத் திரட்டுங்கள். மேலே துருத்திக்கொண்டிருக்கும் திராட்சைகளை விரலால் உள்ளே அழுத்திவிடுங்கள், கருகுபவை பெரும்பாலும் அவைதான். அரை மணி நேரம் போல மீண்டும் உப்பவிட்டு, அடித்த முட்டையோ பாலோ தடவி, 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் சுடுங்கள். இரண்டாம் முறை அளவுக்கு மீறி உப்பவிட்டால் ரொட்டியில் பெரிய துளைகள் விழும், துண்டு போடும்போதே உதிரும்.

அடுத்த படியைத்தான் நீங்கள் முற்றிலும் தாண்டிவிட்டீர்கள். ரொட்டி நன்றாக ஆறியதும் சுத்தமான துணியால் மூடி, குறைந்தது 12 மணி நேரம், முடிந்தால் ஒரு நாள் முழுவதும் அப்படியே வையுங்கள். ஆறும் ரொட்டியில் மாவுச்சத்து மெல்ல இறுகும், ஈரமும் சீராகப் பரவும். சுடச்சுட அறுத்தால் கத்தி மாவை இழுத்துப் பிய்க்கும், திராட்சையையும் பெயர்த்தெடுக்கும். மறுநாள் பல் வைத்த கத்தியால் அழுத்தாமல் அறுத்தால் ஒவ்வொரு திராட்சையும் இரண்டாக வெட்டுப்பட்டு, துண்டின் முகத்தில் பளபளவென்று தெரியும். துண்டு ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போக வேண்டாம்.

துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் தட்டில் படுக்கவைத்து, 140 முதல் 150 டிகிரியில் 20 நிமிடம், புரட்டிப் போட்டு மேலும் 15 நிமிடம் காயவையுங்கள். பிறகு ஓவனை அணைத்து, கதவை ஒரு மரக்கரண்டி நுழையும் அளவுக்குத் திறந்துவைத்து, உள்ளேயே ஆறவிடுங்கள். வீட்டு ஓவன்களின் குமிழ் சொல்லும் சூட்டை அப்படியே நம்ப முடியாது என்பதால் நான் எடையையே நம்புகிறேன். உள்ளே வைக்கும்போது 600 கிராம் இருந்த துண்டுகள் 500 கிராம் அளவுக்கு இறங்கியிருந்தால் காய்ந்துவிட்டன என்று பொருள். தராசு இல்லையென்றால், ஆறிய துண்டு ஒன்றை நடுவில் உடைத்துப் பாருங்கள்: 'டக்'கென்று முறிய வேண்டும், வளையக் கூடாது. திராட்சை மட்டும் சற்று மெல்லும் பதத்தில் இருக்கும். அதையும் மொறுமொறுப்பாக்க நினைத்தால் மறுபடி கசப்புதான் மிஞ்சும்.

ரஷ்ய மொழியில் 'சுஹாரி காயவைப்பது' என்றால் சிறைக்குப் போகத் தயாராவது என்று கேலியாகப் பொருள். கையோடு கொண்டுபோனால் நெடுநாள் கெடாது என்பதால் வந்த வழக்கு அது. ஆனால் அது வெறும் ரொட்டியைக் காயவைத்த சுஹாரிக்கே பொருந்தும். வெண்ணெயும் திராட்சையும் சேர்ந்த உங்களுடையதை இரண்டு, மூன்று வாரங்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. முழுவதும் ஆறிய பிறகே காற்றுப்புகாத டப்பாவில் அடையுங்கள். மழைக்காலத்தில் நமுத்தால் 120 டிகிரியில் எட்டுப் பத்து நிமிடம் வைத்து ஆறவிடுங்கள், முறுகல் திரும்பிவிடும்.