காதை உறுத்தும் ஆங்கிலச் சொற்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தொலைக்காட்சி ஆங்கிலச் செய்தியில் ‘டெவலப்மென்ட்’, ‘கமிட்டி’, ‘ஈவன்ட்’ போன்ற சாதாரணச் சொற்களைச் சொல்லும் விதம் காதை உறுத்துகிறது. எந்த எழுத்தும் விடுபட்டதாகத் தெரியவில்லை. பிறகு எங்கேதான் தவறு?

பதில்: தவறு அழுத்தத்தில் இருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்றிலும் அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும். டி-வெ-லப்-மென்ட்டில் ‘வெ’, க-மி-ட்டியில் ‘மி’, இ-வென்ட்டில் ‘வென்ட்’. பலரும் முதல் அசையிலேயே ஊன்றிவிடுகிறார்கள். தமிழில் அந்தப் பழக்கத்தால் கெடுதல் எதுவும் இல்லை. ‘படு’ வேறு, ‘பாடு’ வேறு என்று நமக்குக் காட்டுவது குறிலும் நெடிலும்தான். ஆங்கிலத்தில் அழுத்தமும் பொருளை மாற்றும். ‘ஆப்ஜிக்ட்’ என்று முதல் அசையில் ஊன்றினால் ஒரு பொருள். ‘அப்ஜெக்ட்’ என்று இரண்டாவதில் ஊன்றினால் ஆட்சேபிப்பது. ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல், ‘ரிகார்ட்’ வினைச்சொல்.

இதோடு ஒட்டிய இன்னொரு குறை உண்டு. அழுத்தம் விழாத அசையின் உயிரொலி ஆங்கிலத்தில் மங்கிப்போகும். இது நமக்குப் புதிய செய்தியே அல்ல. ‘பாக்கு’, ‘நாடு’ என்னும்போது கடைசி உகரத்தை இதழ் குவித்து முழுதாகச் சொல்வதில்லை. அது அரை மாத்திரைக்குக் குறுகிக் குற்றியலுகரம் ஆகிறது. நாம் சொல்லின் இறுதி உகரத்துக்குச் செய்வதை ஆங்கிலம் அழுத்தமில்லாத அசைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செய்கிறது. எல்லா உயிரையும் முழுதாக ஒலித்தால், குற்றியலுகரத்தை முற்றியலுகரமாகப் படிப்பவரைக் கேட்பது போல் இருக்கும். ‘வெஜிடேபிள்’ என்று நான்கு அசையாக நீட்டுவதை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். அது மூன்றே அசை: ‘வெஜ்-ட-பிள்’. ‘கம்ஃபர்டேபிள்’ அப்படியே ‘கம்ஃப்-ட-பிள்’ ஆகும்.

அழுத்தம் எங்கே விழும் என்பதற்கு முழுமையான விதி இல்லை. ஆனாலும் சில விகுதிகள் நம்பத் தகுந்தவை. ‘-இக்’, ‘-ஷன்’, ‘-இட்டி’ என்று முடியும் சொற்களில் அந்த விகுதிக்கு முந்தைய அசையில் அழுத்தம். ‘ஃபோட்டோகிராஃப்’ முதல் அசையில் தொடங்குகிறது. ‘ஃபடாக்ரஃபர்’ இரண்டாவதுக்குத் தாவுகிறது. ‘ஃபோட்டகிராஃபிக்’ மூன்றாவதுக்குப் போகிறது. ‘எகானமி’ இரண்டாம் அசை, ‘எகனாமிக்’ மூன்றாம் அசை. ‘பாலிட்டிக்ஸ்’, ‘அராபிக்’, ‘கேத்தலிக்’ போன்ற சில சொற்கள் இந்த விதிக்கு அடங்காமல் முதல் அசையிலேயே அழுத்தம் பெறும். அவற்றைத் தனியே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: ‘கிலோமீட்டர்’ என்று ஒருவர், ‘கிலாமிட்டர்’ என்று இன்னொருவர். ‘ஷெட்யூல்’, ‘ஸ்கெஜுவல்’ இரண்டும் ஒரே நாளில் காதில் விழுகின்றன. யார் சொல்வது சரி?

பதில்: இருவரும். ‘ஷெட்யூல்’ பிரிட்டிஷ் மரபு, ‘ஸ்கெஜுவல்’ அமெரிக்க மரபு. ‘ஈதர்’, ‘ஐதர்’ இரண்டும் அகராதி ஏற்றவை. ‘கான்ட்ரவர்சி’யில் முதல் அசையிலும் அழுத்தலாம், இரண்டாவதிலும் அழுத்தலாம்.

கிலோமீட்டர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வாதாட இடம் உண்டு. சென்டிமீட்டர், மில்லிமீட்டர் ஆகிய அளவுப் பெயர்களில் முதல் அசையில் அழுத்தம். தெர்மாமிட்டர், பராமிட்டர் (காற்றழுத்தமானி), ஸ்பீடாமிட்டர் போன்ற கருவிப் பெயர்களில் ‘ஆ’ ஒலியில் அழுத்தம். கிலோமீட்டர் அளவுதானே, கருவி இல்லையே. எனவே முதல் அசையில் சொல்வதே முறை என்பது ஒரு கட்சி. கருவிப் பெயர்களின் சாயல் படிந்து ‘கிலாமிட்டர்’ வேரூன்றிவிட்டது, அகராதிகளும் ஏற்றுவிட்டன. எங்கள் ஓட்டு பழைய உச்சரிப்புக்கே. ஆனால் மற்றதைப் பிழை என்று எழுதி அனுப்பாதீர்கள்.

இதில் ஒரு முடிவுக்கு வருவது எளிதில்லை. பிபிசி 1926-இல் பேச்சு ஆங்கிலத்துக்கென்றே ஓர் ஆலோசனைக் குழு அமைத்தது. கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் அதன் தலைவர். 1930-இல் அவர் மறைந்த பின் பெர்னார்ட் ஷா தலைமை ஏற்றார். 1939-இல் போர் தொடங்கியதும் குழுவின் பணி நின்றது. அறிவிப்பாளர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதன் பரிந்துரைகளில் சில அப்போதே சச்சரவைக் கிளப்பின. ஒரே ஒளிபரப்புக்குள் ஒருவர் ஒரே மரபைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். அதற்கு மேல் கேட்க முடியாது.

கேள்வி: ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட தொகுப்பாளர்கள்கூட ‘நியூக்யுலர்’, ‘எக்ஸ்பிரஸ்ஸோ’, ‘ஃபெப்யுவரி’ என்கிறார்களே?

பதில்: மூன்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ‘நியூ-க்ளி-யர்’ என்பதே சரி. ஆனால் ‘க்ளியர்’ என்று முடியும் ஆங்கிலச் சொற்கள் மிகக் குறைவு. ‘பர்டிக்யுலர்’, ‘சர்க்யுலர்’, ‘மஸ்க்யுலர்’, ‘மலெக்யுலர்’ என்று இன்னொரு பக்கம் பெருங்கூட்டம். நாக்கு பழகிய தடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அமெரிக்க அதிபர்கள் ஐசனோவர், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் இருவருமே அப்படிச் சொன்னவர்கள். ‘எஸ்பிரஸ்ஸோ’ இத்தாலியச் சொல். ‘எக்ஸ்பிரஸ்’ஸின் சாயல்தான் அதைத் திரிக்கிறது. இவ்விரண்டையும் இன்னும் பிழையாகவே பலர் கருதுகிறார்கள்.

‘ஃபெப்யுவரி’ வேறு கதை. ஒரே சொல்லில் இரண்டு ரகரம் அடுத்தடுத்து வந்தால் ஒன்று கழன்றுகொள்வது பல மொழிகளிலும் நடப்பது. ‘ஜனவரி’யின் ஓசையும் சேர்ந்து தள்ளியதில் முதல் ரகரம் போயிற்று. இதை அகராதிகள் ஏற்கின்றன. ‘கர்னல்’ என்ற படைப்பதவியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆங்கில எழுத்துக்கூட்டலில் நடுவே லகரம் இருக்கிறது, வாயில் ரகரம் வருகிறது. இத்தாலியில் இரண்டு லகரத்தோடு இருந்த சொல் பிரெஞ்சில் ‘கொரொனெல்’ ஆனது; ஆங்கிலம் ஒலியை ஒரு வடிவத்திலிருந்தும் எழுத்தை மற்றொன்றிலிருந்தும் எடுத்துக்கொண்டது. இன்றைய பிழை சில நேரம் நாளைய அகராதி ஆகிவிடுகிறது.

‘ப்ரொனவுன்சியேஷன்’ என்று சொல்வதை மட்டும் நாங்கள் மன்னிப்பதாக இல்லை. வினையில்தான் ‘நவுன்ஸ்’, பெயர்ச்சொல்லில் ‘நன்சி’.

கேள்வி: ‘வீடியோ’, ‘வெதர்’ இரண்டிலும் ஒரே ‘வ’ போடலாமா?

பதில்: கூடாது. ‘பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்’ என்று தொல்காப்பியம் சொல்வது ‘வீடியோ’வின் முதல் ஒலிக்கு அப்படியே பொருந்தும்: மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். ‘வெதர்’ என்னும்போது பல் எதையும் தொடக் கூடாது. ‘உ’ சொல்வது போல் இதழைக் குவித்து, அங்கிருந்து சட்டென்று ‘எ’வுக்குத் திறக்க வேண்டும். ‘உஎதர்’ என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்து வேகத்தைக் கூட்டுங்கள்.

கேள்வி: தமிழ் நிகழ்ச்சியில் ‘இஸ்கூல்’, ‘ஃபிலிம்’ என்கிறார்கள். கண்டிக்க வேண்டாமா?

பதில்: வேண்டாம். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து நிற்பதைத் தமிழ் ஏற்பதில்லை. அதனால் முன்னே ஓர் இகரம் வருகிறது. ஸ்பானிய மொழியிலும் பள்ளிக்கு ‘எஸ்குவேலா’தான். ‘ஃபிலிம்’ என்று இடையில் உயிர் சேர்ப்பது அயர்லாந்து ஆங்கிலத்திலும் உண்டு. தமிழ் வாக்கியத்துக்குள் வந்த சொல் தமிழ் ஒலிக்குக் கட்டுப்படுவதில் குறையில்லை. ஆங்கில வாக்கியத்தில் வந்தால் கேள்வி கேளுங்கள்.

கேள்வி: ஆங்கிலச் செய்தி வாசிக்கப் பயிற்சி எடுக்கிறேன். எழுதிவைத்ததை எப்படித் தயார் செய்வது?

பதில்: முதலில் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். தடுக்கிய சொல்லையும், சந்தேகமே வராத பழகிய சொற்களையும் வட்டமிடுங்கள். பெயர்களை எல்லோரும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வார்கள். பிழை மலிவது பழகிய சொற்களில்தான். உச்சரிப்புக் குறி உள்ள அகராதியில் பாருங்கள். மேல்பக்கம் நிற்கும் சிறு செங்குத்துக் கோட்டை அடுத்து வரும் அசையில் முழு அழுத்தம். கீழ்ப்பக்கக் கோடு என்றால் இரண்டாம் நிலை அழுத்தம். ஆங்கிலச் சின்ன ‘ஈ’யைத் தலைகீழாகத் திருப்பியது போன்ற குறி இருந்தால் அந்த உயிர் மங்கலாக ஒலிக்கும். அழுத்தம் விழும் அசையின் கீழ் உங்கள் தாளில் கோடிடுங்கள்.

பிடிபடாத சொல்லைப் பின்னாலிருந்து கட்டுங்கள்: ‘மென்ட்’, ‘லப்மென்ட்’, ‘வெலப்மென்ட்’, ‘டிவெலப்மென்ட்’. முன்னாலிருந்து கூட்டினால் முதல் அசையில் மறுபடி ஊன்றிவிடுவீர்கள். இரட்டித்த எழுத்தை இரட்டித்துச் சொல்லாதீர்கள். ‘டின்னர்’, ‘ஹேப்பி’ இவற்றில் இரட்டை எழுத்து முந்தைய உயிர் குறில் என்று காட்டத்தான். மெய் ஒருமுறையே ஒலிக்கும். ‘இன்’, ‘ஆஃப்’, ‘டு’ போன்ற சின்னச் சொற்களில் தேவையில்லாமல் ஊன்றுவதையும் விடுங்கள். இது அனுபவம் உள்ளவர்களிடமும் காணும் குறை.

வேகம் நொடிக்கு மூன்று சொல்லைத் தாண்ட வேண்டாம். ஒரு நிமிடம் பதிவு செய்து இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை அழுத்தத்தை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை ‘நியூஸ்’, ‘டேஸ்’ போன்ற சொற்களின் இறுதியை மட்டும் கவனியுங்கள்: அங்கே வர வேண்டியது பாம்பின் சீறல் அல்ல, வண்டின் ரீங்காரம். தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும்.