தோட்டக் குறிப்புகளைக் கட்டளைவரியில் ஒழுங்குபடுத்துவது எப்படி?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் காபித் தோட்டம் இருக்கிறது, நிழல் மரங்களில் மிளகுக் கொடியும் ஏற்றியிருக்கிறோம். மழை, மருந்து, உரம், பறிப்பு என எல்லாவற்றையும் லினக்ஸ் மடிக்கணினியில் தமிழிலேயே தட்டச்சு செய்து வைக்கிறேன். கோப்புறைக்குள் கோப்புறையாகப் பெருகிவிட்டதால் தேடுவது கிடைப்பதில்லை. கிரெப் கட்டளையில் தேடினால், கண்ணெதிரே இருக்கும் சொல்லையே இல்லை என்கிறது. சில சமயம் கோப்பின் பெயர் மிக நீளம் என்று பிழை வருகிறது. மலையில் இணைப்பு அடிக்கடி போய்விடுவதால் இணையச் செயலிகள் சரிப்படவில்லை. கட்டளைவரியிலேயே இவற்றை ஒழுங்குபடுத்த முடியுமா? அப்பாவின் பழைய நோட்டுகளையும் சேர்க்க விரும்புகிறேன்.

பதில்: முடியும். எழுதுவதற்கும் தேடுவதற்கும் புதிதாக எந்த மென்பொருளையும் நிறுவத் தேவையில்லை. ஆனால் நீங்கள் முதலில் கைவிட வேண்டியது கோப்புறைகளைத்தான். ஒரு குறிப்பை எழுதும் நேரத்தில் அது 'மிளகு' கோப்புறைக்கு உரியதா, 'மருந்து' கோப்புறைக்கு உரியதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தால், பாதி நாள் அந்தக் குறிப்பு எழுதப்படாமலே போகும். எழுதப்பட்டாலும், தேடும் நாளில் நீங்கள் வேறொரு கோப்புறையைத்தான் முதலில் திறப்பீர்கள். மிளகுக்கு மருந்து அடித்தது இரண்டுக்கும் உரிய செய்தி. கோப்புறையோ ஒன்றை மட்டுமே ஏற்கும்.

சேலம் லீ பஜார் மண்டிகளில் கணக்கு எழுதியவர்கள், அன்றைய வரவு செலவு அனைத்தையும் முதலில் நாள்வழியில் தேதி வரிசைப்படி எழுதி, பிறகு அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். உங்கள் குறிப்புகளுக்கும் அந்த நாள்வழியே பொருந்தும்; பேரேட்டைத் தனியாக எழுத வேண்டியதில்லை, ஏனெனில் கேட்ட மாத்திரத்தில் அதைத் தொகுத்துக் கொடுப்பதற்குத் தேடல் கட்டளைகள் இருக்கின்றன. ஆகவே 'குறிப்பு' என்று ஒரே ஒரு கோப்புறை, அதற்குள் ஆண்டுக்கு ஒரு கோப்பு: நாள்வழி-2024, நாள்வழி-2025 என்றவாறு. கோப்பு பெருத்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். நாளுக்கு மூன்று வரி, வரிக்கு நூறு குறியீடு (எழுத்தோ அதனுடன் சேரும் புள்ளி, கொம்பு போன்ற குறியோ) என்று வைத்தாலும், தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட் வீதம் ஓராண்டுக்குச் சுமார் 3.3 லட்சம் பைட்தான் ஆகும்; பத்தாண்டுக் குறிப்புகள் மொத்தமும் கைபேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தின் அளவுக்குள் அடங்கிவிடும்.

ஒவ்வொரு குறிப்பும் ஒரே வரியாக இருக்கட்டும். முதலில் தேதி, அடுத்து குறிச்சொல், அதன்பின் எண் இருந்தால் எண், மற்றவை பிறகு:

2025-04-12 @மழை 32 மேல்காடு, மாலை 4 மணிக்குத் தொடங்கியது

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால், எழுத்து வரிசைப்படி அடுக்கினாலே கால வரிசை தானாக அமைந்துவிடும். குறிச்சொல்லுக்கு முன்னால் # போடும் வழக்கம் பரவலாக இருந்தாலும் இங்கே @ குறியையே பரிந்துரைக்கிறேன். கட்டளைவரியில் ஒரு சொல் # குறியுடன் தொடங்கினால், அதிலிருந்து வரியின் இறுதிவரை உள்ள அனைத்தையும், கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரலான பாஷ் வெறும் கருத்துரையாக எண்ணிப் புறக்கணித்துவிடும். எண்களை 0 முதல் 9 வரையுள்ள வழக்கமான இலக்கங்களிலேயே எழுதுங்கள். ௩௨ என்று எழுதினால் கூட்டல் கணக்குப் போடும் கட்டளைகளுக்கு அது எண்ணாகத் தெரியாது. மழைமானியைக் காலை 8.30க்குப் பார்த்து, அந்த நாளின் தேதியிலேயே அளவைப் பதிவது வானிலை ஆய்வுத் துறையின் முறை. நீங்களும் அதையே பின்பற்றினால் பிற்பாடு ஒப்பிட வசதியாக இருக்கும்.

இனி, இதை விரைவாக எழுதும் வழி. தமிழில் குறிப்பெடுப்பவர்களுக்குக் கட்டளைவரியில் உள்ள பெரிய தொல்லை, கட்டளைக்கு ஆங்கில விசைப்பலகை, குறிப்புக்குத் தமிழ் விசைப்பலகை என்று ஒவ்வொரு வரிக்கும் மாற்றிக்கொண்டே இருப்பதுதான். பாஷில் நாமே உருவாக்கும் கட்டளைகளுக்குத் தமிழ்ப் பெயரே வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. முகப்புக் கோப்புறையில் உள்ள '.பாஷ்ஆர்சி' கோப்பின் இறுதியில் பின்வரும் இரண்டு வரிகளைச் சேருங்கள். குறி, தேடு, குறிப்பு, நாள்வழி ஆகிய நான்கு சொற்களும் தமிழிலேயே இருக்கட்டும். எக்கோ, டேட், கிரெப், சார்ட் முதலியவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

குறி() { எக்கோ "$(டேட் +%எஃப்) $*" >> ~/குறிப்பு/நாள்வழி-$(டேட் +%ஒய்); }

தேடு() { கிரெப் -எச்இ "$1" ~/குறிப்பு/* | சார்ட்; }

எஃப், ஒய், இ ஆகிய மூன்றும் பெரிய எழுத்து; எச் சிறிய எழுத்து. முதல் வரியில் >> என்று இரண்டு கூர்க்குறிகள் இருப்பதை மிகக் கவனமாகப் பாருங்கள். இரண்டு இருந்தால் புதிய வரி கோப்பின் இறுதியில் சேரும். ஒன்று மட்டும் இருந்தால் கோப்பில் அதுவரை இருந்த அனைத்தும் அழிந்து புதிய வரி மட்டும் மிஞ்சும். இந்த விபத்தைத் தடுக்க, அதே கோப்பில் 'செட் -ஓ நோக்ளாபர்' என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். அதன்பின், ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் ஒற்றைக் கூர்க்குறியால் எழுத முயன்றால் பாஷ் மறுத்துவிடும்.

டெர்மினலை (கட்டளைவரிச் சாளரத்தை) மூடித் திறந்த பிறகு, குறி @மழை 32 மேல்காடு என்று தட்டினால் போதும்; இன்றைய தேதியுடன் அந்த வரி இவ்வாண்டு நாள்வழியில் போய்ச் சேரும். அடைப்புக்குறி, அரைப்புள்ளி போன்றவை வரும் நீண்ட குறிப்பாக இருந்தால் முழுவதையும் மேற்கோளுக்குள் இடுங்கள். தேடுவதற்கு, தேடு @மழை என்றால் எல்லா ஆண்டுகளின் மழையும் தேதி வரிசையில் வரும். பூ மழை (காபியைப் பூக்கவைக்கும் மார்ச், ஏப்ரல் மழை) எந்தெந்த ஆண்டில் எப்போது பெய்தது என்று ஒரே பார்வையில் காண:

தேடு '^....-0[34].*@மழை'

நான்கு புள்ளிகள் எந்த ஆண்டையும், 0[34] என்பது மார்ச், ஏப்ரல் ஆகிய இரு மாதங்களையும் குறிக்கின்றன. காபிக்காரர் ஒருவருக்கு இந்த ஒரு வரியே இவ்வளவு உழைப்புக்கும் ஈடு என்று நான் கருதுகிறேன். ஓர் ஆண்டின் மொத்த மழையைக் கூட்ட வேண்டுமானால், தேடலின் விடையை ஆக் கட்டளைக்கு அனுப்பி, வரியின் மூன்றாம் சொல்லைக் கூட்டச் சொல்லலாம். எண்ணைக் குறிச்சொல்லுக்கு அடுத்தே எழுதச் சொன்னதன் காரணம் இதுதான்.

இருக்கும் சொல்லையே கிரெப் இல்லை என்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கிரெப் 1973இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் எழுதிய கருவி. தமிழ் எழுத்துகளை இன்று சுமக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தை 1992இல் ராப் பைக்குடன் சேர்ந்து வகுத்தவரும் அவரே. கருவியில் பழுதில்லை. ஆனால் அது இலக்கணம் அறியாது. நாம் எழுத்தாகக் காண்பதை அது குறியீடுகளின் தொடராகக் காண்கிறது. 'துளைப்பான்' (காபித் தண்டைத் துளைக்கும் வண்டு) என்று தேடினால் 'துளைப்பானைக் கண்டோம்' என்று எழுதிய வரி கிடைக்காது, ஏனெனில் தேடிய சொல்லின் இறுதியில் புள்ளி இருக்கிறது, எழுதிய சொல்லில் அதே இடத்தில் ஐகாரக் குறி இருக்கிறது. கடைசிப் புள்ளியை நீக்கி 'துளைப்பான' என்று தேடுங்கள். துளைப்பான், துளைப்பானை, துளைப்பானால் மூன்றும் அகப்படும்.

மகரத்தில் முடியும் சொற்களில் இது போதாது. மரம் என்பது மரத்தை, மரத்தில், மரங்கள் என்று உரு மாறுகிறது. அதற்காக 'மர' என்று மட்டும் தேடினால் மருந்து அடித்த வரிகளெல்லாம் வந்து குவியும். 'மரு' என்பது கணினிக்கு ம, ர, உகரக் குறி என்ற மூன்று குறியீடுகள், அவற்றின் முதல் இரண்டும் நீங்கள் தேடிய 'மர'வே. இப்படித் தேடுங்கள்:

தேடு 'மரம|மரத்த|மரங்க'

வேற்றுமை உருபும் புணர்ச்சியும் உள்ள மொழியில் இத்தனை பாடு ஒவ்வொரு தேடலுக்கும் படக்கூடாது என்பதற்காகத்தான் குறிச்சொல்லை வற்புறுத்துகிறேன். குறிச்சொல் ஒருபோதும் உருபு ஏற்காது. வாக்கியத்தில் எப்படி எழுதினாலும் வரியில் @துளைப்பான் என்பது அதே வடிவில் நிற்கும். வெள்ளைத் தண்டுத் துளைப்பானை ஒருநாள் 'போரர்' என்றும் இன்னொருநாள் 'தண்டுப்புழு' என்றும் எழுதும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. வாக்கியத்தில் அப்படி எழுதுவதில் தவறில்லை. குறிச்சொல் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அரபிகா செடிகளில் இந்த வண்டு ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வெளிவந்து பறப்பதால், அதற்கு முன்பாக மார்ச்சிலும் செப்டம்பரிலும் தாக்குண்ட செடிகளைத் தேடிப் பிடுங்குவது முறை. எந்தப் பகுதியில் எத்தனை செடி பிடுங்கினீர்கள் என்பதை ஆண்டுதோறும் அதே குறிச்சொல்லில் பதிந்தால், எந்தக் காட்டில் நிழல் குறைந்துவிட்டது என்பதற்கும் அதுவே தடயமாகும்.

குறிச்சொற்கள் இருபதுக்குள் இருக்கட்டும். பயன்படுத்தியவற்றைப் பட்டியலிட கிரெப் கட்டளையை -ஓஎச் என்ற தெரிவுகளுடன் '@[^ ]*' என்ற வடிவத்துக்கு இயக்கி, விடையைச் சார்ட்டுக்கும் பிறகு 'யூனிக் -சி' கட்டளைக்கும் அனுப்புங்கள். ஒவ்வொரு குறிச்சொல்லும் எத்தனை முறை வந்துள்ளது என்று தெரியும். ஒரே முறை வந்தவை பெரும்பாலும் எழுத்துப்பிழைகள். மாதம் ஒருமுறை இதைப் பார்த்துத் திருத்துவது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் சில சொற்கள் அகப்படாவிட்டால், பெரும்பாலும் ஒகர, ஓகார எழுத்துகளைப் பாருங்கள். 'கொ' என்பதை ககரத்துடன் ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என்று இரு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கிரெப்புக்கு அவை வேறு வேறு. கைபேசியிலும் கணினியிலும் வெவ்வேறு விசைப்பலகைகளில் தட்டியவற்றில் இக்கலப்பு நேரும். 'யூகான்வ்' என்ற கட்டளையை 'எனி-என்எஃப்சி' என்ற மாற்றத்துடன் இயக்கினால் எல்லாம் ஒற்றைக் குறிக்கு மாறிவிடும். விடையைப் புதிய கோப்பில் எழுதி, சரிபார்த்த பிறகே பழையதை நீக்குங்கள். யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டியவை இருந்தால் அவை கிரெப்புக்கு வெறும் ஆங்கில எழுத்துகளே. 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் நூலகத்தில் அவற்றை மாற்றும் வசதி உண்டு. டெர்மினலில் கொம்பு இடம் மாறி நிற்பது வேறு கதை: பல டெர்மினல்களுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரிவதில்லை, கோப்பு சரியாகவே இருக்கும்.

கோப்பின் பெயர் நீளம் என்ற பிழையும் இதே கணக்குதான். லினக்ஸில் வழக்கமான கோப்பு முறைமைகள் பெயருக்கு 255 பைட் வரையே இடம் தருகின்றன. 'துளைப்பான்' கண்ணுக்கு ஐந்து எழுத்து; கணினிக்குப் பத்துக் குறியீடு, 30 பைட். ஆக 85 தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் பெயரில் இடமில்லை. செய்தியைப் பெயரில் எழுதாமல் வரிக்குள் எழுதத் தொடங்கியதும் இந்தப் பிழை மறைந்துவிடும்.

காப்பு நகலுக்கு, கோப்புகளின் மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருள் போதுமானது. அதற்கு இணைய இணைப்பே தேவையில்லை. குறிப்புக் கோப்புறையில் அதைத் தொடங்கி, நாள்தோறும் ஒருமுறை மாற்றங்களைப் பதிந்து, வாரம் ஒருமுறை பென்டிரைவுக்கும் நகலெடுங்கள். தமிழ்க் கோப்புப் பெயர்களைக் கிட் இயல்பாக \340\256 என்று எண்களாகக் காட்டும், 'கோர்.குவோட்பாத்' அமைப்பைப் 'ஃபால்ஸ்' என்று மாற்றினால் பெயர் தமிழிலேயே தெரியும். இடி மின்னல் மாதங்களில் பென்டிரைவைக் கணினியிலேயே செருகி வைத்திருக்க வேண்டாம். தோட்டத்தில் நின்றபடியே குறிக்க விரும்பினால் ஆண்ட்ராய்டு கைபேசியில் டெர்மக்ஸ் நிறுவி இதே கட்டளைகளைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தச் செயலியை நீக்கினால் அதன் முகப்புக் கோப்புறையும் சேர்ந்தே அழியும் என்பதால், கணினிக்கு நகலெடுக்காமல் எதையும் அதில் விட்டுவைக்காதீர்கள்.

அப்பாவின் நோட்டுகளை முதல் பக்கத்திலிருந்து தட்டச்சு செய்யத் தொடங்காதீர்கள். அந்த வேலை பாதியில் நின்றுவிடும். எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வேறொரு கோப்புறையில் வைத்துவிட்டு, முதலில் மார்ச், ஏப்ரல் மழையையும் துளைப்பானுக்குப் பிடுங்கிய செடிகளையும் மட்டும் எடுத்தெழுதுங்கள். குறி கட்டளை இன்றைய தேதியை இடும் என்பதால் இவற்றுக்கு அதைப் பயன்படுத்தாமல், நானோ போன்ற திருத்தியில் நாள்வழி-1998 என்பதுபோல் அந்தந்த ஆண்டின் கோப்பைத் திறந்து, பழைய தேதியையே வரியின் தொடக்கத்தில் இட்டு, இறுதியில் படத்தின் எண்ணைக் குறியுங்கள். அங்குலத்திலோ சென்டிலோ (அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு) எழுதியிருந்தால் ஒரு அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர் என்று மாற்றி மூன்றாம் சொல்லாக இட்டு, அப்பா எழுதிய அளவையும் அதே வரியில் அப்படியே சேர்த்துவிடுங்கள்.