பொண்ணு பூச்சி ஆராய்ச்சி படிக்கணும்ங்கறா, சேர்க்கலாமா?

அண்ணா, உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். உடுமலைல பட்டுப்புழு ஷெட் வச்சிருக்கீங்க, பக்கத்து தோட்டத்துல மருந்து அடிச்சா புழு சாகலன்னாலும் கூடு ஒழுங்கா கட்டமாட்டேங்குது, அத பாத்து பாத்து பொண்ணு இது ஏன்னு படிக்கணும்ங்கறா, சோறு போடுமான்னு நீங்க பயப்படறீங்க. தாராளமா சேருங்கண்ணா, ஆனா எந்த படிப்புல சேர்க்கறீங்கங்கறது முக்கியம்.

அவ கேக்கறது பெரிய கேள்வி. சாகற அளவுக்கு இல்லாம கொஞ்சம் கொஞ்சமா மருந்து உள்ள போனா புழு தீனி எடுக்கறது குறையும், தோலுரிக்க நாள் இழுக்கும், கூட்டுப்புழு எடை குறையும், சிலது ரெக்கை சுருண்டு வெளிய வரும். பைரிப்ராக்ஸிஃபென்னு வெள்ளை ஈக்கு அடிக்கறாங்களே, அது பூச்சியோட இளமை ஹார்மோன் மாதிரியே வேலை செய்யும், மல்பெரி இலைல லேசா பட்டாலும் புழு கடைசி பருவத்துலயே நின்னு தின்னுக்கிட்டே கிடக்கும், நூல் விடாது. பிரிட்டன்ல 2012-ல பம்பிள்பீங்கற குண்டு தேனீ கூடுகளுக்கு, வயல்ல இருக்கற அளவுதான் இமிடாக்ளோபிரிட்ங்கற பூச்சி மருந்து குடுத்தாங்க, கூடு அழியல, ஆனா எடை ஏறல, புது ராணிங்க 85 சதவீதம் குறைஞ்சுது. இந்த மாதிரி ஆராய்ச்சியெல்லாம் சேர்ந்துதான் 2018-ல ஐரோப்பிய யூனியன் அதையும் அதே வகை இன்னும் ரெண்டு மருந்தையும் திறந்தவெளில அடிக்க தடை போட்டாங்க. நெல்லுல சாறு உறிஞ்சற புகையான் பூச்சிக்கு உல்டா, சில மருந்து கம்மி அளவுல பட்டா முட்டை கூடிடும், விவசாயிக்குத்தான் அடி.

ஆனா வேலை பொறுமையானது, அத அவகிட்ட மறைக்காதீங்க. தினமும் ஒவ்வொரு புழுவா எடை போடணும், தலை அகலத்த மைக்ராஸ்கோப்ல அளக்கணும், இடது ரெக்கையும் வலது ரெக்கையும் ஸ்லைடுல ஒட்டி வித்தியாசம் பாக்கணும். தேனீக்கு ஒரு டெஸ்ட் இருக்கு, மருந்து கலந்த சர்க்கரைப்பாகு 10 நாள் குடுத்து தினம் எண்ணணும், ஞாயித்துக்கிழமையும் லீவு கிடையாது.

படிப்புக்கு வர்றேன். நீட் வேணாம், +2 மார்க்க வச்சே கோவை வேளாண் பல்கலை கவுன்சிலிங். முதல் சாய்ஸ் பி.எஸ்சி அக்ரி, 4 வருஷம், ரெண்டாவதா மேட்டுப்பாளையத்துல பட்டுவளர்ப்பு. நான் அக்ரியத்தான் முதல்ல போடச் சொல்வேன், ஏன்னா மனசு மாறினாலும் வேளாண் அலுவலர் பரீட்சை, பேங்க்ல அக்ரி ஆபீசர்னு கதவு திறந்திருக்கும். அப்புறம் எம்.எஸ்சி பூச்சியியல் கண்டிப்பா வேணும், பி.எஸ்சியோட நிறுத்தினா பெரும்பாலும் மருந்து கம்பெனி சேல்ஸ்தான் கிடைக்கும், அவ ஆசைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எம்.எஸ்சி முடிச்சா படப்பைல இருக்கற ஐஐபேட் மாதிரி டாக்ஸிகாலஜி லேப்கள்ல, அதாவது மருந்தோட நச்சுத்தன்மைய சோதிக்கற இடங்கள்ல, முயற்சி பண்ணலாம், பி.எச்டி வரைக்கும் போனா பெங்களூரு பூச்சி வள மையம், மைசூர் பட்டு ஆராய்ச்சி நிலையம்னு இடம் இருக்கு. ஆக 8, 9 வருஷம், நடுவுல ஃபெல்லோஷிப் வாங்கினா உங்க கைக்காசு குறையும்.

மார்க் பத்தலன்னா சோர்ந்துடாதீங்க, ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.எஸ்சி விலங்கியல் சேர்ந்து, எம்.எஸ்சியும் படிச்சு, சிஎஸ்ஐஆர் நெட்ங்கற ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் பரீட்சை எழுதி வர்ற வழியும் இருக்கு. மார்க்ஷீட் அனுப்புங்க, காலேஜ் சாய்ஸ் வரிசைய ரெண்டு பேரும் உக்காந்து போடலாம், பொண்ணையும் லைன்ல வைங்க.